பருத்தி பனியனும் ரெயின்கோட்டும் மட்டும் போதாது

"உள்ளே தடிமனான பருத்தி பனியன், மேலே நல்ல ரெயின்கோட், எந்தக் குளிர்மழையிலும் சைக்கிள் ஓட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதிதான் சரி. கோட்டு மழையைத் தடுக்கும், மிதிக்கும்போது வரும் வியர்வையை என்ன செய்வது? பருத்தி அதை உறிஞ்சிக்கொண்டு லேசில் காயாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், இறக்கத்தில் வேகமெடுத்ததும் உடம்பு வெடவெடக்க ஆரம்பித்துவிடும். உடம்போடு ஒட்டுகிற அடுக்கு மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோதான் இருக்க வேண்டும் (கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும்). கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், அப்போதே சூடாக இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே வியர்வையில் குளித்துவிடுவீர்கள். அப்புறம் கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், விரல் மரத்துப்போனால் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்க முடியாது.