முகத்தை வரைங்க, பட்டு எங்கயும் போயிடாது

மங்கோலிய உடையில இருக்குற பொண்ணுங்களை ரியலிஸ்டிக்கா வரைஞ்ச ஆயில் பெயின்டிங் இப்பல்லாம் என் ஃபீட்ல நிறைய வருது, எனக்கு உயிரான விஷயம் அது, அதனாலதான் இவ்ளோ ஆதங்கம். நேத்து ஒரு படத்தை ஜூம் பண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பவள மணியிலயும் பொட்டு மாதிரி வெளிச்சம், பட்டு மடியுற இடத்துல பூவேலையும் கூடவே மடியுது, அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். முகத்துக்கு வந்தா வழவழன்னு யாரோ ஒரு மாடல். குளிர்காலத்துல மைனஸ் 30க்குப் போற ஊரு, காத்து அடிச்சு அடிச்சு கன்னத்துல ஏறுற அந்தச் செவப்பு எங்க போச்சு?

இந்தப் படங்கள்ல இறக்கை மாதிரி விரிஞ்ச முடி இருக்கே, அது மங்கோலியாவோட பெரிய இனக்குழுவான ஹல்ஹா மக்கள்ல, அந்தக் காலத்துல கல்யாணம் ஆன பொம்பளைங்க பண்ணிக்கிட்ட அலங்காரம். நடு வகிடு எடுத்து, ஆட்டுக் கொழுப்பு தடவி விறைப்பாக்கி, ரெண்டு பக்கமும் தட்டையா விரிச்சு கிளிப் போடுவாங்க. தோள் தூக்கின டேல், அதாவது மங்கோலியர்களோட நீளக் கை வச்ச அங்கி, அதுமேல கையில்லாத நீள அங்கி, இடுப்புல கச்சை கிடையாது. பொம்பளையைச் சொல்ற புஸ்குய்ங்கிற மங்கோலிய வார்த்தைக்கே கச்சை இல்லாதவங்கன்னுதான் அர்த்தம். அப்படியிருக்க இறக்கை முடியையும் வச்சு கச்சையையும் கட்டி ஒரு சின்னப் பொண்ணை நிக்க வச்சு வரைஞ்சா, அந்த உடைக்குள்ள வாழ்ந்தது யாருன்னு நாம கேக்கவே இல்லனுதானே ஆகுது.

ஆயில் வர்றதுக்கு முன்னாடியே இதை சரியா செஞ்சவங்க இருக்காங்க. குப்லாய் கானோட ராணி சாபி படம் தைபே அரண்மனை மியூசியத்துல இருக்கு, பட்டுத் துணியில வரைஞ்சது. தலையில அவ்ளோ உயரமான தொப்பி, முத்து முத்தா கோத்திருக்கு, ஆனாலும் நம்ம கண்ணு போய் நிக்கிறது அந்த அம்மாவோட கனிஞ்ச முகத்துலதான். மங்கோலிய ஓவியர் ஷாரவ் வரைஞ்ச, மங்கோலியாவோட கடைசி மன்னர் போக்டு கானோட மனைவி ராணி தோண்டோக்துலம் படத்துல உடையெல்லாம் தட்டையான அலங்காரம், நிழலும் வெளிச்சமும் முகத்துக்குத்தான்.

ஆயில்ல எனக்கு ஆதர்சம், சீனாவுல இருக்குற உள் மங்கோலியாவுல பிறந்த ஓவியர் துவோமுசி. 1984ல, காய்ஞ்ச புல்லைப் போர் போடுற பொம்பளைங்களை வரைஞ்சார். நகை நட்டு எதுவும் இல்லாத வேலைநாள் உடை, அந்தத் துணியோட கனம் உடம்புல தெரியுது, வேலை செஞ்ச உடம்புன்னு பார்த்ததுமே புரியுது. இதுவும் பாரம்பரிய உடைதானே? ஏன் நமக்கு எப்பவும் திருவிழா உடை மட்டும் வேணும்?

அப்புறம் கை. டேலோட நீளக் கையை இழுத்து விட்டா விரல் வரைக்கும் மூடிடும், குளிருக்கு அப்படித்தான் தைக்கிறாங்க, அதுவே வரையுறவங்களுக்கு வசதியாப் போயிடுது. குதிரைப்பால் கறந்த விரலை வரையாம தப்பிச்சுடலாம்.

நான் டேல் போட்ட ஒரு பாட்டியோட பழைய கருப்பு வெள்ளை போட்டோவை வச்சு வரைய ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. பாட்டியோட இடது கண்ணு வலதை விட கொஞ்சம் சின்னது, அதுலயே நிக்கிறேன். டேல் இன்னும் வெறும் கரிக்கோடாத்தான் இருக்கு.