அது துறவு இல்லை
சீன நடனக் கலைஞர் யாங் லிப்பிங் புகழை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பியதாக உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தாலி (Dali) பகுதியில் பிறந்த பாய் (Bai) இனப் பெண். அவரைப் புகழடையச் செய்த மயில் நடனம் அதே மாகாணத்துத் தாய் (Dai) இன மக்களுடையது. 1986-இல் அவர் ஆடியதைக் காணொளியில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் அலகு, மற்ற மூன்றும் விரிந்தால் கொண்டை. அப்புறம் அந்தக் கை கையாகவே தெரியாது. 2003-இல் பெரிய மேடை நிகழ்ச்சி தயாரித்தபோதும் கிராமம் கிராமமாகப் போய், வயலில் நின்றவர்களைத்தானே ஆட அழைத்து வந்தார்? இதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். அதே தாலியில் எர்ஹாய் ஏரிப் பக்கம் செடிகொடிகளோடு இருப்பவர் எதையும் துறக்கவில்லை, தன் வீட்டில் இருக்கிறார்.