அந்த 160 வருட அனுபவத்தில் க்ளெய்ம் மேசை எத்தனை வருடம்?

நான் ஏஜென்டாக இருக்கும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமைக் குழுவை அறிமுகப்படுத்திக் கொடுத்த முழுப்பக்க அறிவிப்பை நேற்றிலிருந்து பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க கம்பெனிதானே மேடம், இனி கவலையே இல்லை" என்று வாழ்த்து வேறு. கோட்டு போட்ட ஏழு பேர் நிற்கிறார்கள். கீழே பெரிய எழுத்தில், 'மொத்தம் 160 ஆண்டு அனுபவம், உங்கள் நம்பிக்கைக்கு'. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் பதிவுகளைப் படிக்கிறவர்களுக்குப் போன வாரம் என் வாடிக்கையாளர் ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டுப் போட்ட க்ளெய்மை நிறுவனம் மறுத்தது தெரியும். அதே வாரத்தில் இந்த அறிவிப்பும் வந்ததால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஏழு பேரின் விவரத்தையும் உட்கார்ந்து படித்தேன். வங்கியில் இருந்தவர், செல்பேசி நிறுவனத்தில் இருந்தவர், விற்பனையில் பெயர் எடுத்தவர், ஆப் உருவாக்கியவர். திறமைசாலிகள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இவர்களில் ஒரு க்ளெய்ம் ஃபைலைக் கையில் எடுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்தவர் யார்?

பத்தொன்பது வருடமாக ஏஜென்டாக இருக்கிறேன். 2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2016-ல் என்னிடம் பாலிசி எடுத்தவர். ஒரு வருடம்கூட ரெனியூவலுக்கு நான் நினைவுபடுத்த வேண்டி வந்ததில்லை. ஒரு ராத்திரி நெஞ்சுவலி. ஆஞ்சியோ பார்த்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கேட்டு அனுப்பினால் மறுப்பு வருகிறது. காரணம், அட்மிஷன் சீட்டில் 'பத்து வருடமாக ரத்த அழுத்தம்' என்று இருக்கிறதாம், பாலிசி எடுக்கும்போது நிரப்பிய ப்ரொபோசல் ஃபார்மில் அது இல்லையாம். அந்த வரி எப்படி வந்தது தெரியுமா? அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர், "பிரஷர் எத்தனை வருஷமா?" என்று கேட்டிருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா, "அது இருக்கும் பத்து வருஷம்" என்று சொல்லியிருக்கிறார். உண்மையில் மாத்திரை ஆரம்பித்தே இரண்டு வருடம்தான்.

நான் போய்ச் சேரும்போது ராத்திரி பதினொரு மணி இருக்கும். பில்லிங் கவுன்டரில் அந்த அம்மா லேமினேட் செய்த பாலிசி கார்டை எடுத்து வைக்கிறார். கவுன்டரில் இருந்த பையன் அதைத் தள்ளி வைக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கார்டை அதே இடத்தில் வைக்கிறார். சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்திருக்கிறார் பாவம். மகன் கடன் வாங்கிப் பணம் கட்டித்தான் டிஸ்சார்ஜ் ஆனது.

அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். அந்த ஃபைல் எங்கள் வட்டார அலுவலகத்தில் க்ளெய்ம் தலைவராக இருந்த ஒரு மேடத்திடம் போனது. டாக்டருக்குப் படித்தவர், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். முழு ஃபைலையும் அவரே படித்திருக்கிறார். உள்ளே எங்கோ கிடந்த பழைய ஓபி சீட்டில், 'புதிதாகக் கண்டறியப்பட்ட ரத்த அழுத்தம்' என்று வேறொரு டாக்டர் தேதியோடு எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். சிகிச்சை தந்த டாக்டரிடம் அவரே போனில் பேசி, ஒரு விளக்கக் கடிதம் வாங்கச் சொன்னார். பணம் வந்தது. பிறகு ஆசிரியருக்குப் போன் போட்டு, "முதலிலேயே நாங்கள் கவனித்திருக்க வேண்டும், மன்னிச்சுக்குங்க சார்" என்றார். அந்த ஒரு போனுக்குப் பிறகு ஆசிரியரின் உறவில் நான்கு குடும்பங்கள் என்னிடம் பாலிசி எடுத்தன. நம்பிக்கை அப்படித்தான் வந்தது. விளம்பரம் பார்த்து வரவில்லை.

அந்த அலுவலகத்தின் க்ளெய்ம் பிரிவை மூடி எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேடமும் போய்விட்டார். இப்போது அறிவிப்பில் அனுபவம் என்று போடுகிறார்கள். இருந்த அனுபவத்தை அனுப்பியது யார்?

"ஒரு சிஇஓ ஒவ்வொரு ஃபைலையும் பார்க்க முடியுமா?" என்று உடனே கேட்பீர்கள். முடியாது, நானும் அதைக் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், மறுத்து அனுப்பிய ஃபைல்களில் இருபதை எடுத்து அவரே படிக்கட்டும். ஏன் மறுத்தோம் என்று அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டு அவர் வாயாலேயே சொல்லட்டும். அந்த மேசையில் உட்கார்ந்து பழகியவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. சென்னையில் 2006-ல் மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நாட்டின் முதல் நிறுவனமான ஸ்டார் ஹெல்த்தைத் தொடங்கிய வி. ஜெகன்நாதன், அதற்கு முன் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் இந்தியாவின் தலைவராக இருந்தவர். நான் சொல்லும் நிறுவனம் அதுவல்ல, அதை விற்றுக்கொடுக்கவும் இதை எழுதவில்லை. காப்பீட்டிலேயே ஊறியவர் தலைமைக்கு வருவது இங்கே நடக்காத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மோசடி க்ளெய்ம் வருகிறது என்பார்கள். வருகிறது, நானே பார்த்திருக்கிறேன். அதற்கு ஆசிரியர் என்ன செய்வார்?

"அதான் விதி இருக்கே" என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். இருக்கிறது. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விட்ட சுற்றறிக்கையை நானும் படித்தேன். கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம், மறுப்பதென்றால் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 60 மாதம் பிரீமியம் கட்டி முடித்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நோயை மறைத்தீர்கள்' என்று க்ளெய்மில் கை வைக்க முடியாது. முன்பு இது எட்டு வருடம். இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் ஆசிரியருக்கு அந்த மறுப்பே வந்திருக்காது. நல்ல விதிகள்தான். ஆனால் அந்தக் குழுவில் உட்காருகிறவர் ஃபைலைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தால் விதி என்ன செய்யும்? காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது. எல்லாம் சரி. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட்டோடு இருக்கிற எழுபது வயதுக்காரர் தன் பணத்துக்காக ஏன் சார் அங்கே போய் நிற்க வேண்டும்?

அப்புறம் அந்த கமென்ட். "ஏஜென்டுக்குக் கமிஷன் குறையும்னு பயம்." எழுதியவர் என் நட்புப் பட்டியலில் ஏழு வருடமாக இருப்பவர். அவர் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஓடியது யார் என்று அவருக்குத் தெரியும். கமிஷன் வாங்குகிறேன், அது என் வேலை, ஒளித்ததே இல்லை. ஆனால் க்ளெய்ம் மறுத்தால் மக்கள் அந்த ஏழு பேர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். போன வாரமும் வந்தார்கள். காபி கொடுத்தேன், ஒருவரும் தொடவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு இன்னும் முகம் இல்லை.

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. புதிதாக விசாரிக்க நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் பிரீமியம் எவ்வளவு என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. "ஆஸ்பத்திரியில சேர்ந்தா காசு கொடுப்பாங்களா மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் நெஞ்சில் கை வைத்து, "கொடுப்பாங்க" என்பேன்.

நாளை ஆசிரியர் வீட்டுக்கு ரெனியூவலுக்குப் போக வேண்டும். நேற்று அவரே போன் செய்தார். அவரும் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். "அந்த டாக்டரம்மா படம் இதுல இல்லையேம்மா, அவங்க இருக்காங்கல்ல?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நீ இருக்கியேம்மா, அது போதும்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டால் க்ளெய்ம் பாஸ் ஆகாது சார் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.