ஸ்பீடோமீட்டரைத் திருத்தினால் மட்டும் போதாது

உங்கள் கட்டுரையில், பிக்கப் வண்டியில் 35 அங்குல உயர டயர் போட்டு ஸ்பீடோமீட்டரைத் திருத்திக்கொண்டால் போதும், ஆக்சில் கியரை (சக்கர அச்சிலுள்ள பல்சக்கரங்களை) தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது டிரெய்லர் இழுக்கப் போய்விடுவார்களே என்று பயமாக இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வரும் 275/65ஆர்18 அளவு டயரின் உயரம் சுமார் 32 அங்குலம், அதைக் கழற்றிவிட்டு 35 ஏற்றினால் 9 சதவீதம் கூடுகிறது, அப்போது 3.55 ஆக்சில், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு 3.55 முறை சுற்றும் கியர், நடைமுறையில் 3.25 போலத்தான் இழுக்கும், எண் குறைந்தால் இழுவையும் குறையும். திருத்தாத மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 65க்கு மேல் ஓடும், அதைத் திருத்திவிடலாம், சரி. இழந்த இழுவை எப்படித் திரும்பி வரும்? டயரின் எடையும் கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம். 10 கியர் ஆட்டோமேட்டிக் என்றால் வெறும் வண்டியில் பெரிதாகத் தெரியாது, உண்மைதான். மலைச்சாலையில் பாரத்தோடு ஏறும்போதுதான் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் சூடேறும். பழைய இழுவை வர கணக்குப்படி 3.87 வேண்டும், கிடைப்பது 3.73 அல்லது 4.10. பாரம் இழுப்பவர்கள் 4.10 போடுவதே நல்லது. அப்புறம், ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்தேதான் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் தயவுசெய்து கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.