ஒரு சீசனுக்குள் கண்ணீர் அஞ்சலியா?

2025 புத்தாண்டு அன்று காலை, அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ரசிகர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் சிரித்ததையும் பார்த்தேன். நம் பயிற்சியாளர் கேலன் டிபோரின் படத்துக்கு மாலை போட்டு, இரு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தார்கள். என் கைபேசியை எட்டிப் பார்த்த ஒன்பது வயது மகள், “அப்பா, கோச் இறந்துட்டாரா?” என்று கேட்டாள். ஊரில் தாத்தாவின் படத்தில்தான் அவள் மாலையைப் பார்த்திருக்கிறாள்.

முந்தைய நாள் டாம்பாவில் மிச்சிகன் அணியிடம் 19-13 என்று தோற்றது எனக்கும் வலித்தது. ஆனால் 17 ஆண்டுகளில் ஆறு தேசியப் பட்டங்களை வென்று தந்த முந்தைய பயிற்சியாளர் நிக் சேபனின் இடத்தில் வந்து அமர்ந்த ஒருவரை, ஒரே ஒரு சீசனை வைத்து முடிந்துபோனவர் என்று எழுதிவிடுவது நியாயமில்லை. ஒரே ஒரு சீசன்.

சேபனின் முதல் சீசனை நான் நேரில் பார்த்தவன். 2007 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக, நம் பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா வந்து இறங்கினேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நண்பன் கொடுத்த டிக்கெட்டில், பிரையன்ட்-டென்னி அரங்கின் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். அன்று நம் அணி லூசியானா-மன்றோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோற்றது. எனக்கு முன்வரிசையில், நம் பழைய பயிற்சியாளர் பேர் பிரையன்ட் போட்டதைப் போன்ற கட்டம் போட்ட தொப்பியுடன் இருந்த பெரியவர், கையிலிருந்த சிவப்புக் குஞ்சத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். அந்த ஆண்டு 7 வெற்றி, 6 தோல்வி. அன்றே சேபனை அனுப்பியிருந்தால் 2009 பட்டம் ஏது, அதற்குப் பிறகு வந்த ஐந்து பட்டங்கள் ஏது? டிபோருக்கோ முதல் ஆண்டில் 9 வெற்றி, 4 தோல்வி.

“சேபனுக்குக் கிடைத்தது நொறுங்கிய அணி, டிபோருக்குக் கிடைத்தது சாம்பியன் அணி” என்று சொல்வீர்கள். உண்மைதான், 2023-இல் நாம் ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரி லீக்கின் சாம்பியன்கள் நாம்தான். ஆனால் அந்த அணி அப்படியேவா அவர் கைக்கு வந்தது? பயிற்சியாளர் விலகினால் 30 நாட்களுக்குள் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்ற அப்போதைய விதிப்படி, நம் வீரர்கள் கேலெப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் ஐசாயா பாண்ட் டெக்சாஸுக்கும் போனார்கள். இந்த சீசனில் அரையிறுதிக்குப் போன நான்கு அணிகளில் அந்த இரண்டும் உண்டு, வெளியே நின்றது நாம். சம்பளம் ஆண்டுக்குச் சராசரியாக 1 கோடி டாலருக்கு மேல் என்கிறீர்கள். அதைக் கொடுத்தது பல்கலைக்கழகம், நீங்களோ நானோ அல்ல.

ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோற்றதற்கு என்னிடம் பதில் இல்லை. நாம் ஒரு டச் டவுன்கூட அடிக்காத ஆட்டம் அது, நம் அணிக்காகப் பந்தை வீசும் மில்ரோ மூன்று முறை எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்தார். அந்தத் தோல்விதான் தேசியப் பட்டத்துக்காக 12 அணிகள் ஆடும் பிளேஆஃப் கதவையும் நமக்குச் சாத்தியது. ஒப்புக்கொள்கிறேன். வாண்டர்பில்ட்டிடம் தோற்ற இரவில் நாஷ்வில்லில் அவர்களுடைய ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டதைப் பார்த்து எனக்கும் உறக்கம் வரவில்லை. 1984-க்குப் பிறகு அதுவரை நாம் அவர்களிடம் தோற்றதே இல்லை.

ஆனால் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு நடந்ததை ஏன் ஒருவரும் பேசுவதில்லை? ஜார்ஜியாவுக்கு எதிராக 28-0 என்று முன்னிலை பெற்று, அது கரைந்து, கடைசி நிமிடங்களில் 34-33 என்று அவர்கள் நம்மைத் தாண்டியபோது, அடுத்த பந்திலேயே நம் அணியின் 17 வயது ரயன் வில்லியம்ஸ் இருவருக்கு நடுவே சுழன்று ஓடி 75 கெஜம் கடந்து நம்மை ஜெயிக்க வைத்தான். அந்த ஆட்டத்தை நாம் எல்லோரும் என் வீட்டு வரவேற்பறையில்தான் பார்த்தோம். இன்று இந்தப் படத்தைச் செய்து அனுப்பிய நண்பர் அன்று என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, “இந்த மனுஷன் சேபனையே மிஞ்சிவிடுவார்” என்று கத்தினார். 95 நாட்கள்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் மாலை போட்டுவிட்டார்.

நான் இதைக் குழுவில் எழுதியதற்கு, “நீ கிரிக்கெட் பார்க்கப் போ, உனக்கு ஃபுட்பால் என்ன தெரியும்” என்று பதில் வந்தது. பதினேழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சேபன் தோற்ற நாளில் அரங்கில் இருந்தவன் நான். உங்களில் பலர் வந்து சேர்ந்தது பட்டங்கள் குவியத் தொடங்கிய பிறகு. ஜெயிக்கும் அணியை நேசிப்பதற்குப் பெரிய மனம் ஒன்றும் தேவையில்லை.

விமர்சியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் படத்துக்கு மாலை போடாதீர்கள். அடுத்த சீசன் தொடங்கும் நாளில் வழக்கம்போல என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வருவதற்கு முன் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.