பெயர் வைத்தது சங்கம்தான்

கல்லூரியில் நான் டே ஸ்காலர். ஹாஸ்டல் பசங்களிடம் ராத்திரி இரண்டு மணிக் கதைகள் இருக்கும். என்னிடம் நாலரை மணி பஸ்தான் இருக்கும். டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு மரத்தடி, மழை வந்தால் சைக்கிள் ஸ்டாண்ட். அந்தப் பழைய எரிச்சலாலோ என்னவோ, ஆக்ஸ்ஃபர்டில் வெளியே தங்கிப் படித்தவர்களின் வரலாறு கண்ணில் பட்டதும் அதை லேசில் விட முடியவில்லை.

அங்கே கல்லூரி என்பது வகுப்பறை மட்டும் இல்லை. தங்குவது, சாப்பிடுவது, கும்பிடுவது, படகு ஓட்டுவது எல்லாம் அதற்குள்தான். செலவும் அதற்கேற்ற மாதிரி. வசதியில்லாத வீட்டுப் பையன்களுக்காக 1868-இல் பல்கலைக்கழகம் ஒரு வழி செய்தது. எந்தக் கல்லூரியிலும் சேராமல், ஊருக்குள் அனுமதி பெற்ற வீடுகளில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கலாம். பட்டம் அதே பட்டம்தான்.

நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘எதிலும் ஒட்டாத மாணவர்கள்’. பிற்பாடு அதை ‘கல்லூரி சாரா மாணவர்கள்’ என்று மாற்றினார்கள். இரண்டுமே ஒருவனிடம் இல்லாததைச் சொல்லிக் கூப்பிடும் பெயர்கள். மாணவர் பேச்சில் ‘டாஷர்’ என்று ஒரு பட்டப்பெயர் வேறு. படிக்க இடம் கொடுத்தவர்கள் சேர்ந்து உட்கார இடம் கொடுக்கவில்லை. விளையாட்டுக்கூடக் கல்லூரி வாரியாகத்தான். கல்லூரி இல்லாதவன் எந்த அணியில் ஆடுவான்?

அப்புறம் அவர்களே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கூடிய கட்டடத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு செயின்ட் கேதரின் க்ளப் என்றார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். கடைசியில் நிலைத்தது நிர்வாகம் வைத்த பெயர் இல்லை, பையன்கள் வைத்த பெயர். 1931-இல் பல்கலைக்கழகமே இறங்கி வந்து அந்த அமைப்பு முழுவதையும் செயின்ட் கேதரின் சொசைட்டி என்று அழைக்க ஆரம்பித்தது.

பெண்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1879 முதல் ஆக்ஸ்ஃபர்டில் வீடுகளில் தங்கிப் படித்த பெண்களுக்கு ‘வீட்டு மாணவியர்’ என்று பெயர். 1942-இல் அது செயின்ட் ஆன் சொசைட்டி, 1952-இல் கல்லூரி.

கேம்பிரிட்ஜ் 1869-இலேயே இதைப் பின்பற்றியது. அங்கே இந்த மாணவர்களின் பொது வீட்டுக்கு எதிரே ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம். அதனால் ஃபிட்ஸ்வில்லியம் ஹால். 1919-இல் பருவம் தொடங்கிய பிறகு வந்து நின்ற சுபாஷ் சந்திர போஸைச் சேர்த்துக்கொண்டது இந்த ஹால்தான். ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்து, மறு வருடமே அந்த வேலையை உதறியது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கதவு வழியாக உள்ளே போனார் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சிங்கப்பூரின் லீ குவான் யூவும் இதே ஃபிட்ஸ்வில்லியத்தில் சட்டம் படித்தவர்தான். ஆக்ஸ்ஃபர்ட் பக்கம் டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸ், செயின்ட் கேதரின் சொசைட்டி மாணவர். 1962-இல் சுதந்திரம் பெற்ற தன் நாட்டின் முதல் பிரதமர். காலனிகளிலிருந்து போனவர்கள் பெரிய கல்லூரிகளிலும் இருந்தார்கள், சரி. ஆனாலும் இந்த ஓரத்து வாசல் வழியாகப் போனவர்களின் வரிசை சாதாரண வரிசை இல்லை.

அதே 1962-இல்தான் செயின்ட் கேதரினும் முழுக் கல்லூரியானது. வரலாற்றாசிரியர் ஆலன் புல்லக் அலைந்து பணம் திரட்டினார். டென்மார்க் கட்டடக்கலைஞர் ஆர்னே ஜேக்கப்சன் கட்டடத்தோடு நிற்காமல் நாற்காலி, கரண்டி வரைக்கும் வடிவமைத்தார். சேர்ந்து சாப்பிட இடமில்லாதவர்களுக்கு ஆக்ஸ்ஃபர்டின் மிகப் பெரிய சாப்பாட்டுக்கூடங்களில் ஒன்று! நான்கே ஆண்டில், 1966-இல், ஃபிட்ஸ்வில்லியமும் கல்லூரி.

இதை வெற்றிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முழு மனதாகக் கைதட்ட வரவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு மரியாதை கிடைத்தது, அவர்களும் உள்ளே வந்த பிறகுதானே? வெளியே தங்குபவனாகவே, அப்படியே மதிப்போடு இருக்க ஒரு இடம் என்ற யோசனை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு உதவித்தொகை பெருகியது, ஏழை மாணவனும் கல்லூரிச் செலவைக் கட்ட முடிந்தது, பழைய ஏற்பாட்டுக்குத் தேவை குறைந்தது என்பது நியாயமான பதில்தான். ஆனால் உதவித்தொகை வந்தாலும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்தாக வேண்டியவன் இருப்பான். சாயங்காலம் கடைக்கு வேலைக்குப் போகிறவள் இருப்பாள். அவர்களுக்கு வேண்டியது கட்டில் இல்லை. ஒரு மேசை, நாலு நாற்காலி, மதியச் சாப்பாட்டுக்குக் கூட நாலு பேர்.

போன வருடம் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். டே ஸ்காலர்களுக்கென்று இப்போது தனி அறை இருப்பதாகச் சொன்னார்கள். ஆசையாகப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. சாவி ஹாஸ்டல் வார்டனிடம் இருக்கிறதாம்.