அந்த 4200 எங்கிருந்து வந்தது சார்?

அந்த வீடியோவை இதுவரை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வாட்ஸ்அப் குரூப்களில் அது வராத குரூப் இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகச் சும்மா இருந்தேன். நேற்று ஒரு நண்பரே சிரிப்பு எமோஜி போட்டு எனக்கு அனுப்பினார், அதான்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம் என்று மண்டபம் பிடித்திருக்கிறார்கள். யார் யார் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று மைக் சுற்றி வருகிறது. நர்சிங், பி.காம், அக்ரி எல்லாம் வந்தது, கைதட்டினார்கள். அந்தப் பொண்ணு எழுந்து, "பண்டைய வரலாறு படிக்கணும் சார்" என்கிறாள். பேச்சாளர் ரெண்டு விநாடி நிறுத்துகிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், அப்புறம், "ஏம்மா, செத்துப்போன ராஜாவா வந்து உனக்குச் சம்பளம் போடுவான்?" மண்டபமே சிரிக்கிறது. முன்வரிசை ஆசிரியர்களும்தான்.

வேலை கிடைக்குமா என்று அவர் கேட்டிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அது கேட்க வேண்டிய கேள்வி, நானே கேட்பேன். அவர் கேட்கவில்லை, சிரித்தார். கேட்பது வேறு, நானூறு பேர் நடுவில் பதினேழு வயதுப் பிள்ளையை வைத்துச் சிரிப்பது வேறு.

வேடிக்கை என்னவென்றால், முழு வீடியோ ஒன்றரை மணி நேரம், நான் உட்கார்ந்து பார்த்தேன். இதே மனிதர் பேச்சை ஆரம்பித்ததே, "4200 வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கின மண்ணுய்யா இது!" என்றுதான். விசில் பறந்தது. (உருக்கினது வேறு, பயன்படுத்தினது வேறு, அந்த வித்தியாசமெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது, சரி.)

சார், அந்த 4200 எங்கிருந்து வந்தது?

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை. 2021ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று. அதுதான் உங்கள் 4200. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. குழிக்குள் உட்கார்ந்து, மண்ணின் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்து, எந்த அடுக்கில் இரும்பு கிடந்தது, அதே அடுக்கில் கிடந்த கரித்துண்டு எது, அது உண்மையிலேயே அந்தக் காலத்துக் கரியா இல்லை எலி வளை வழியாக மேலேயிருந்து இறங்கி வந்ததா என்று தீர்மானித்து, கை படாமல் எடுத்துக் கட்டி அனுப்பினால்தான் ஆய்வகம் ஒரு தேதி சொல்லும். அடுக்கைத் தப்பாக எழுதினால் எவ்வளவு பெரிய மெஷினும் தப்பான தேதியைத்தான் தரும். நம் ஊர் வெயிலில் அந்தக் குழிக்குள் உட்கார்கிறவர் யார்? நீங்கள் மண்டபத்தில் வைத்துச் சிரித்தீர்களே, அந்தப் படிப்பைப் படித்தவர்.

அதியமானுக்கு வருவோம். நம் ஊரில் கடைக்கு அதியமான், நகருக்கு அதியமான், மேடைக்கு மேடை ஔவைக்கு நெல்லிக்கனி. சரி. அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு "ஸதியபுதோ" என்று ஒரு பெயர் வரும். அது யார் என்று எத்தனையோ வருடம் அறிஞர்கள் ஆளுக்கு ஒரு ஊரைக் காட்டிச் சண்டை போட்டார்கள். 1981ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் ஒரே ஒரு வரி கிடைத்தது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." அதாவது, ஸதியபுதோ அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம். முடிந்தது சண்டை. நம் தகடூர்க்காரன் (தருமபுரியின் பழைய பேர் தகடூர்), அசோகன் கல்வெட்டில் பேர் வாங்கிய குடி. அந்த ஒரு வரியைப் படிக்க தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்து தெரிய வேண்டும். பிராமி தெரிய யாராவது ஒருத்தர் எங்காவது ஒரு வகுப்பில் உட்கார வேண்டும்.

நான் உட்கார்ந்தேன். சென்னையில், எம்.ஏ. பண்டைய வரலாறும் தொல்லியலும். முதல் வருடம் முடிந்து லீவில் வந்தபோது எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் ஒரு வேப்ப மரம், கீழே ஒரு நடுகல், தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெயில் கரிய மாடு மாதிரி இருக்கும். துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் வட்டெழுத்து, அதுவும் பழைய தமிழ் எழுத்துதான். எனக்கு அப்போது மூன்று சொல்தான் பிடிபட்டது. தொறு (மாட்டு மந்தை), பட்டான் (செத்தான்), கல். அது போதும். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன். ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எங்க சாமி மாட்டுக்காகச் செத்ததாடா?" என்றது. அடுத்த வருடம் பொங்கல் வைக்கப் போகும்போது கன்றுக்குட்டியையும் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு போனது. "அதுக்காகத்தான் செத்தான், அதுவும் வந்து கும்பிடட்டும்." அது செத்துப்போன ராஜா இல்லை சார். ராஜாவே இல்லை. மாடு மேய்த்தவன். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நாய்க்குக்கூடப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், கோவிவன் என்று. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலம். திருடனைக் கடித்துக் காவல் நின்ற நாய்.

இனி வரப்போகிற கமெண்டுகள்.

"அவர் ஜோக்குக்குச் சொன்னார், இதைப் போய்..." அந்தப் பொண்ணு சிரித்தாளா? பாருங்கள். நான் பார்த்தேன்.

"உங்களுக்கு அவர் மேல் பொறாமை." ஆமாம், மண்டபத்துக்கு மண்டபம் போய்ப் பிள்ளைகளைக் கிண்டல் செய்து சால்வை வாங்க முடியவில்லையே என்று தினமும் அழுகிறேன்.

"நீங்க இப்போ என்ன வேலை?" இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர். கோப்பு, தபால், பதிவேடு. தொல்லியலில் வேலை கிடைக்கவில்லை. ரெண்டு வருடம் காத்திருந்தேன், அப்புறம் வீட்டு நிலைமை. இதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் சங்க காலமும் சிந்துவெளியும் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். செத்த ராஜாக்களைப் படிக்க கோச்சிங் சென்டரில் பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது கட்டுப்படியாகுமா?" இது நியாயமான கேள்வி. இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஓசூரில் கான்ட்ராக்ட் வேலைக்கு விடியற்காலை வேன் ஏறுகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! அவர்களை எந்த மண்டபத்தில் வைத்துச் சிரித்தீர்கள்?

எனக்கு இந்தச் சிரிப்பு புதுசு இல்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்து மாமா கேட்டார், "குழி தோண்ட எதுக்குடா சென்னை போன, நூறு நாள் வேலைல பேர் குடுத்திருந்தா இங்கேயே தோண்டியிருக்கலாமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. அப்பா மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் வெளியில் யாரிடமும் நான் என்ன படிக்கிறேன் என்று சொன்னதே இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. "ஏதோ கவர்மெண்ட் கோர்ஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அப்பா இப்போது இல்லை. அவர் மேல் கோபம் இல்லை, அவரை அப்படிச் சொல்ல வைத்த சிரிப்பின் மேல்தான்.

இன்னொன்று, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது எங்கள் ஊரில் மாந்தோப்பு போட ஒரு மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தினார்கள். வட்டமாக நட்டிருந்த கல்லையெல்லாம் தள்ளினார்கள். உள்ளேயிருந்து பானை பானையாக வந்தது, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பையன்கள் உடைத்து ஏரியில் சில்லு விட்டோம். என் சில்லு ஐந்து தத்து தத்தியது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் பேராசிரியர் பழங்கால ஈமக்குழிகளில் கிடைக்கிற கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து எல்லாரும் தொட்டுப் பாருங்கள் என்றார். என் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அன்று ஹாஸ்டலில் சாப்பிடவில்லை.

எங்கள் ஊரில் இதைப் படித்த ஒரே ஒரு அக்காவோ அண்ணனோ அன்றைக்கு இருந்திருந்தால் அந்த ஜேசிபி முன்னால் போய் நின்றிருப்பார்கள். அந்த மண்டபத்தில் எழுந்து நின்றது அப்படி ஒரு அக்கா.

வீடியோவில் கடைசியாக ஒன்று கவனித்தேன். மைக்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அடுத்த பையன் பேச ஆரம்பித்துவிடுகிறான், அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்துப் பொண்ணு கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்கிறாள்.

பேச்சாளர் பெயரைக் கமெண்டில் போடாதீர்கள், அழித்துவிடுவேன். அந்தப் பொண்ணு வீட்டை யாருக்காவது தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். என் எம்.ஏ. நோட்டுகள், பிராமி, வட்டெழுத்து அட்டவணைகள், கல்வெட்டுப் புத்தகங்கள் ரெண்டு அட்டைப்பெட்டி நிறையப் பரணில் கிடக்கிறது. கரையான் அரித்தது போக மிச்சம் நன்றாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.